‘சிகரெட் பிடிப்பீர்களா?’ என்று கேட்காதீர்கள்: மருந்துக் கடைப் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மன்னார்குடிப் பக்கம் ஒரு மருந்துக் கடை. இருமல் சிரப் கேட்டு நின்ற பெரியவரிடம், புகைப்பழக்கத்தை விட விரும்புவோருக்கு உதவும் பயிற்சியை அப்போதுதான் முடித்து வந்திருந்த பையன் பணிவாகக் கேட்டான்: “ஐயா, சிகரெட் பிடிப்பீர்களா?” “அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது தம்பி” என்றார் அவர். வேட்டி மடிப்பில் பீடிக்கட்டு துருத்திக்கொண்டிருந்தது.

அவர் பொய் சொல்லவில்லை. டெல்டாவில் சிகரெட் வேறு, பீடி வேறு, சுருட்டு வேறு. வெற்றிலையோடு போடும் புகையிலையைப் பலர் ஒரு பழக்கமாகவே கணக்கில் வைப்பதில்லை. “பீடி, சுருட்டு, புகையிலை ஏதாவது உண்டா? ஒரு நாளைக்கு எத்தனை?” என்று கேட்டிருந்தால் பதில் வந்திருக்கும். இருமல் எத்தனை நாளாக என்றும் பையன் கேட்கவில்லை. இரண்டு வாரம் தாண்டிய இருமல் என்றால் சிரப் விற்பதற்கு முன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். புகைப்பவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு அதிகம்.

பயிற்சி கொடுப்பவர்கள் செய்யும் முதல் தவறு, நாள் முழுவதும் கருத்த நுரையீரல் படங்களைக் காட்டுவது. சிகரெட் பெட்டியின் 85 சதவீதப் பரப்பில் எச்சரிக்கை அச்சாகத் தொடங்கியது 2016-இல். புகை கெடுதல் என்பது யாருக்கும் புதுச்செய்தி அல்ல. கல்லாவில் மூன்று பேர் காத்திருக்கும்போது இரண்டு நிமிடத்தில் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்பதுதான் ஊழியருக்குத் தெரியாது. அதைப் பேசிப் பழகத்தான் வேண்டும். ஒருவர் வாடிக்கையாளராக நிற்க, மற்றவர் கேட்க.

தஞ்சாவூர் வரை போய்ப் பயிற்சி பெற்று, சான்றிதழைக் கடைச் சுவரில் மாட்டுபவர் பெரும்பாலும் முதலாளி. மாத்திரை எடுத்துக் கொடுக்கும் பெண்ணுக்கு அதில் ஒரு வரியும் வந்து சேர்வதில்லை. மதியம் இரண்டு மணிக்கு மேல் கடைத்தெரு அடங்கிக் கிடக்கும். பயிற்சியை அந்த நேரத்தில், அந்தக் கடையிலேயே நடத்துங்கள்.

எனக்கு அதிகம் கோபம் வருவது, புகையை விடுபவரின் ஏக்கத்தைத் தணிக்கும் நிக்கோட்டின் சூயிங்கத்தைக் கொடுக்கும் விதத்தில். “இதை மெல்லுங்கள், சரியாகிவிடும்” என்பதோடு முடித்துவிடுகிறார்கள். வெற்றிலை போட்டே பழகிய வாய், விடாமல் மென்று சாற்றை விழுங்கும். தொண்டை எரியும், விக்கல் வரும், குமட்டும். இரண்டாம் நாள் அட்டை குப்பைக்குப் போகும், “மருந்து ஒத்துக்கொள்ளவில்லை” என்று பீடி திரும்பி வரும். சரியான முறையைச் சொல்ல நம் ஊரிலேயே சொல் இருக்கிறது: அதக்குவது. மெதுவாக நாலைந்து முறை மென்று, சுள்ளென்று காரம் ஏறியதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே அதக்கிக்கொள்ள வேண்டும். காரம் தணிந்தால் மறுபடி மெல்ல வேண்டும், இடம் மாற்றி அதக்க வேண்டும். அரை மணி நேரம் இப்படி. நிக்கோட்டின் வாயின் உட்சவ்வு வழியாகத்தான் ஏறுகிறது. வயிற்றுக்குப் போனால் பயன் குறைவு. சூயிங்கம் போடுவதற்குக் கால் மணி முன்பிருந்து துப்பும் வரை காபி, எலுமிச்சை, சோடா கூடாது. வாயில் புளிப்பு இருந்தால் மருந்து ஏறாது. பல்செட் வைத்தவருக்குச் சூயிங்கத்தை நீட்டாதீர்கள்.

அளவிலும் பிசகு நடக்கிறது. விழித்த அரை மணிக்குள் முதல் பீடியைப் பற்றவைப்பவருக்கு 2 மில்லிகிராம் சூயிங்கம் போதாமல் போகலாம். 4 மில்லிகிராமுக்கு மருத்துவர் சீட்டு வேண்டும். கர்ப்பிணி, அண்மையில் மாரடைப்பு வந்தவர் ஆகியோரை நேராக மருத்துவரிடம் அனுப்புங்கள்.

பயிற்சிகளில் அநேகமாக விடுபட்டுப்போவது மற்ற மருந்துகளின் கணக்கு. இளைப்புக்குத் தியோஃபிலின் கலந்த மாத்திரை எடுப்பவர் பீடியை நிறுத்தினால், அதே மாத்திரையின் அளவு இரத்தத்தில் கூடும். படபடப்பு, குமட்டல் வரலாம். அந்த மருந்தைக் கல்லீரல் வேகமாகக் கரைக்கத் தூண்டிக்கொண்டிருந்தது நிக்கோட்டின் அல்ல, புகையில் உள்ள வேறு பொருள்கள். புகை நின்றதும் அந்த வேகமும் குறைகிறது. காபிக்கும் இதே கதைதான். நாளைக்கு ஐந்து டிகிரி காபி குடிப்பவருக்குப் பீடியை விட்ட வாரத்தில் தூக்கம் போனால், பாதிப் பழி காபியுடையதாக இருக்கலாம். காபியைப் பாதியாக்கச் சொல்லுங்கள். மாத்திரை அளவை மட்டும் கடையில் மாற்ற வேண்டாம். அது மருத்துவர் வேலை.

விற்றதோடு மறப்பது இன்னொரு தவறு. முதல் மூன்று நாள்தான் மிகக் கடினம். கடன் நோட்டு வைத்திருக்கிற கடைக்கு இன்னொரு நோட்டு பாரமில்லை: பெயர், விட்ட தேதி, மூன்றாம் நாள் ஒரு போன். நடவு வயலில் டீ நேரத்தில் எல்லோரும் பற்றவைக்கும்போது நாக்கு துடிக்கும். அந்தத் துடிப்பு சில நிமிடம்தான் நிற்கும் என்று முன்பே சொல்லி வையுங்கள். தவறிப் பிடித்துவிட்டு வந்தவரிடம் “அப்போதே சொன்னேனே” என்றால் அடுத்த முறை வேறு கடைக்குப் போய்விடுவார்.

இலவச உதவி எண் 1800-11-2356 சிகரெட் பெட்டியிலேயே இருக்கிறது. ஆனால் பொடி எழுத்து, கண் தெரியாத வயது. எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்பாமல், கடை போனிலேயே அழைத்து, மணி அடித்ததும் அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.