மாவுச்சத்தைக் குறைத்து எடை குறைக்க: அவசரமில்லாத ஒரு நான்கு வாரத் தொடக்கம்

நான் முதல் தடவை கார்ப், அதாவது சர்க்கரையும் சேர்ந்த மாவுச்சத்தைக், குறைக்கத் தொடங்கியது ஒரு திங்கட்கிழமை. சோறு, ரொட்டி, சர்க்கரை, பழம் எல்லாவற்றையும் அன்றைக்கே நிறுத்தினேன். புதன்கிழமை தலைவலி. வியாழக்கிழமை மாடிப்படி ஏறினால் கால் நடுங்கியது. வெள்ளிக்கிழமை இரவு, ஒரு பிஸ்கட் பாக்கெட்டை நின்றுகொண்டே காலி செய்தேன். எடை மெஷின் அதற்குள் இரண்டு கிலோ குறைத்துக் காட்டியிருந்தது. அடுத்த வாரத்தில் அதுவும் அப்படியே திரும்பி வந்துவிட்டது.

என்ன நடந்தது என்று பிறகு படித்தபோதுதான் புரிந்தது. தலைவலி உப்புக் குறைவால் வந்தது. குறைந்த இரண்டு கிலோவில் பெரும்பகுதி தண்ணீர். பிஸ்கட் பாக்கெட் வெறும் பசி. இரண்டாவது தடவை எல்லாவற்றையும் நான்கு வாரமாகப் பிரித்துச் செய்தேன். அந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் டாக்டரிடம் பேச வேண்டியவர்கள்

சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர்களும், கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டும் மாத்திரை சாப்பிடுபவர்களும் தானாக இதைத் தொடங்கக் கூடாது. மாவுச்சத்து குறைந்தும் மருந்தின் அளவு குறையாமல் இருந்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு வேறொரு ஆபத்து இருக்கிறது. கொழுப்பு எரியும்போது உருவாகும் கீட்டோன் அமிலம் ரத்தத்தில் அளவுக்கு மீறிச் சேரலாம், அதுவும் சர்க்கரை அளவு சாதாரணமாகத் தெரியும்போதே. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அழுத்தம் குறைந்து தலைசுற்றல் வரலாம். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சிறுநீரக நோய் உள்ளவர்கள், உணவுப் பழக்கக் கோளாறுக்குச் சிகிச்சை பெற்றவர்கள் ஆகியோரும் இதே பட்டியல்தான். மற்றவர்கள் மேலே படிக்கலாம்.

எவ்வளவு குறைப்பது?

வழக்கமான உணவில், சாப்பிடும் கலோரியில் பாதி அல்லது அதற்கும் மேல் மாவுச்சத்திலிருந்து வருகிறது. ஒரு நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு அது 250 கிராம் அளவில் இருக்கும், ஏனென்றால் ஒரு கிராம் மாவுச்சத்துக்கு 4 கலோரி. 130 கிராமுக்குக் கீழே வந்தால் அதைக் குறைந்த கார்ப் உணவு என்கிறார்கள். 20 முதல் 50 கிராமுக்குள் வந்தால் அது கீட்டோ.

கீட்டோ எடை குறைப்பதற்காக வந்ததே அல்ல. வலிப்பு நோய்க்கான சிகிச்சையாக 1921-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரஸ்ஸல் வைல்டர் என்ற மருத்துவர் முன்வைத்த உணவு முறை அது. புதிதாகத் தொடங்குபவர்கள் அந்தப் பக்கம் போகவே வேண்டாம் என்பது என் கருத்து. 100 முதல் 130 கிராம் போதும். அந்த அளவில் பழம் உண்டு, பருப்பு உண்டு, கொஞ்சம் சோறும் உண்டு. ஆறு மாதம் தாக்குப்பிடிக்க முடியும்.

கார்ப் குறைப்பதில் மந்திரம் எதுவும் இல்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 609 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குக் குறைந்த கார்ப் உணவும் மற்றதற்குக் குறைந்த கொழுப்பு உணவும் கொடுத்து ஓராண்டு கவனித்தார்கள். முடிவு 2018-இல் வெளியானது. கார்ப் குறைத்தவர்கள் சராசரியாக 6 கிலோ, கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோ. இதைப் பெரிய வித்தியாசம் என்று சொல்ல முடியாது. எந்த வழியில் உங்களுக்குப் பசி அடங்குகிறதோ அதுதான் உங்கள் வழி. எனக்கு இதில் அடங்கியது, அதனால் இதை எழுதுகிறேன்.

முதல் வாரம்: எதையும் மாற்றாதீர்கள், எழுதுங்கள்

இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். ஏழு நாளும் வழக்கம்போலச் சாப்பிடுங்கள். வாயில் போடும் ஒவ்வொன்றையும் எழுதுங்கள். சமையலறைத் தராசு ஒன்று இருந்தால் நல்லது, கண் அளவு நம்மை நன்றாக ஏமாற்றும். ஒரு கரண்டி என்று நான் நினைத்துக்கொண்டிருந்த சோறு 180 கிராம் இருந்தது.

கணக்குப் போட இந்த எண்கள் உதவும். எல்லாமே தோராயம்தான்:

- வெந்த சோறு 100 கிராம்: 28 கிராம் மாவுச்சத்து
- ரொட்டித் துண்டு ஒன்று: 12 முதல் 15
- வேகவைத்த உருளைக்கிழங்கு 100 கிராம்: 17 முதல் 20
- நடுத்தர வாழைப்பழம்: 27
- நடுத்தர ஆப்பிள்: 25
- வெந்த பருப்பு 100 கிராம்: 20 (இதில் 8 கிராம் நார்ச்சத்து)
- பால் ஒரு கோப்பை: 12
- சர்க்கரை ஒரு டீஸ்பூன்: 4
- முட்டை: 1-க்கும் குறைவு
- மீன், கோழி, இறைச்சி: மாவு தோய்க்காமல் சமைத்தால் அநேகமாகச் சுழியம்

பாக்கெட் உணவின் லேபிள் படிப்பதற்கு ஒரு எச்சரிக்கை. அமெரிக்க லேபிளில் மொத்த மாவுச்சத்து என்ற எண்ணுக்குள் நார்ச்சத்தும் அடக்கம். ஐரோப்பிய லேபிளில் நார்ச்சத்தைக் கழித்த பிறகுதான் அந்த எண்ணே போடுகிறார்கள். இது தெரியாமல் ஐரோப்பியப் பொருளில் இன்னொரு தடவை நார்ச்சத்தைக் கழித்தால் கணக்கு தப்பிவிடும். 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்று முன்பக்கம் பெரிதாக எழுதியிருக்கும். பின்பக்கம் மால்டோடெக்ஸ்ட்ரின் இருக்கும், அதுவும் மாவுச்சத்துதான். பின்பக்கத்தை நம்புங்கள்.

இதே வாரத்தில் இடுப்பளவை எடுத்து எழுதிவையுங்கள். அது ஏன் என்று பின்னால் வருகிறது.

இரண்டாவது வாரம்: குடிப்பதில் கை வையுங்கள்

தட்டை இன்னும் தொட வேண்டாம். குவளையைப் பாருங்கள். ஒரு நாளைக்கு மூன்று தடவை டீயோ காபியோ, தடவைக்கு இரண்டு டீஸ்பூன் சர்க்கரை என்றால் அதிலேயே 24 கிராம். ஒரு டின் சர்க்கரைக் கோலாவில் 35 கிராம் அளவுக்கு இருக்கும். பழச்சாறும் இதே வரிசையில்தான் வரும். ஒரு ஆரஞ்சு சாப்பிட்டால் வயிறு நிறைந்த மாதிரி இருக்கும். மூன்று ஆரஞ்சைப் பிழிந்த சாறு நொடியில் உள்ளே போய்விடும், பசியும் குறையாது.

சர்க்கரையை இரண்டிலிருந்து ஒன்று, ஒன்றிலிருந்து அரை என்று இறக்குங்கள். நாக்கு பழக ஒன்றிரண்டு வாரம் எடுக்கும். அப்புறம் பழைய டீயைக் குடித்தால் நீங்களே முகம் சுளிப்பீர்கள்.

பலருக்கு இந்த ஒரு மாற்றத்திலேயே நாளுக்கு 50 கிராம் குறைந்துவிடும், சாப்பாட்டில் ஒரு பிடி கூடக் குறைக்காமல்.

மூன்றாவது வாரம்: தட்டில் இடம் மாற்றுங்கள்

இங்கேதான் நான் முதல் தடவை சறுக்கினேன். சோற்றை எடுத்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக விட்டேன். காலியாக விட்ட இடத்தை இரவு பதினொரு மணிக்குப் பிஸ்கட் நிரப்பியது.

எனவே எடுப்பதற்கு முன் போட வேண்டும். தட்டில் பாதி காய்கறி: கீரை, முட்டைக்கோஸ், காலிஃபிளவர், வெள்ளரி, தக்காளி, பீன்ஸ், கத்தரிக்காய். இவற்றில் மாவுச்சத்து மிகக் குறைவு. கால் பங்கு புரதம்: முட்டை, மீன், கோழி, பனீர், டோஃபு, பருப்பு. மீதிக் கால் பங்குக்குள் சோறோ ரொட்டியோ கிழங்கோ, ஏதாவது ஒன்று. சாப்பிடும் வரிசையும் இதேதான். காய்கறியையும் புரதத்தையும் முதலில் முடித்துவிட்டுச் சோற்றுக்கு வந்தால், அந்தக் கால் பங்கே போதும் என்று தோன்றும்.

புரதத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். எடை குறையும்போது கொழுப்போடு தசையும் கரையும், அதைக் கொஞ்சம் தடுப்பது புரதமும் உடற்பயிற்சியும்தான். உடல் எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் என்று வைத்துக்கொண்டால், 70 கிலோ உள்ளவருக்கு 84 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது. ஆகவே மூன்று வேளையிலும் புரதம் இருந்தாலொழிய இந்தக் கணக்கு வராது.

ஒரு நாள் எப்படி இருக்கும்? காலையில் இரண்டு முட்டையும் ஒரு ரொட்டித் துண்டும், 16 கிராம். மதியம் வெந்த சோறு 150 கிராம், மீன் அல்லது கோழி, நிறையக் காய்கறி, ஒரு சிறு கிண்ணம் தயிர், சேர்த்து 58. மாலையில் சிறிய ஆப்பிள் ஒன்று, 20. இரவு வெந்த பருப்பு 100 கிராமும் வதக்கிய காய்கறியும், 30. மொத்தம் 124 கிராம். இதைப் பட்டினி என்று யாரும் சொல்ல முடியாது.

சைவம் சாப்பிடுபவர்கள் பருப்பைக் கண்டு பயப்பட வேண்டாம். அதில் மாவுச்சத்து இருப்பது உண்மை. ஆனால் நார்ச்சத்தும் புரதமும் கூடவே வருவதால் பசியை நன்றாகத் தாங்கும். சோற்றைக் குறைத்துப் பருப்பைக் கூட்டுங்கள்.

உப்பும் தண்ணீரும்

மாவுச்சத்து குறைந்ததும் இன்சுலின் குறைகிறது. இன்சுலின் குறைந்தால் சிறுநீரகம் உப்பை அதிகமாக வெளியேற்றும், கூடவே தண்ணீரும் போகும். என் புதன்கிழமைத் தலைவலிக்குக் காரணம் இதுதான். மெதுவாகக் குறைப்பவர்களுக்கு இது பெரும்பாலும் தெரியவே தெரியாது. தெரிந்தால் தண்ணீரோடு, உப்புப் போட்ட காய்கறி சூப் ஒரு கோப்பை குடித்துப் பாருங்கள். இதயம், சிறுநீரகம், ரத்த அழுத்தம் ஆகியவற்றில் பிரச்சினை உள்ளவர்களுக்கு இந்த யோசனை பொருந்தாது.

மலச்சிக்கலும் வரலாம். ரொட்டியும் பழமும் குறைந்தபோது நார்ச்சத்தும் சேர்ந்து குறைந்திருக்கும். நாளுக்கு 25 கிராம் நார்ச்சத்து வேண்டும். காய்கறி உண்மையிலேயே பாதித் தட்டு இருக்கிறதா என்று பாருங்கள், எனக்குப் பல நாள் கால் தட்டுதான் இருந்தது.

நான்காவது வாரம்: எடை மெஷினோடு சமாதானம்

உடல் மாவுச்சத்தைக் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேர்த்து வைக்கிறது. கல்லீரலில் 100 கிராம், தசைகளில் 400 கிராம் அளவுக்கு இருக்கும். ஒவ்வொரு கிராமும் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எல்லாம் சேர்த்தால் 2 கிலோ. மாவுச்சத்தைக் குறைத்ததும் இந்தக் கிடங்கு காலியாகத் தொடங்குகிறது, எடையும் சரசரவென்று இறங்குகிறது. ஒரு கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டால் கிடங்கு நிரம்பி எடை ஏறுகிறது. இறங்கியதும் கொழுப்பல்ல, ஏறியதும் கொழுப்பல்ல. இது தெரியாமல்தான் பலர் முதல் வாரம் குதித்துவிட்டு மூன்றாவது வாரம் விட்டுவிடுகிறார்கள்.

ஒரு கிலோ உடல் கொழுப்பு கரைய ஏறத்தாழ 7,700 கலோரி குறைய வேண்டும். நாளுக்கு 500 கலோரி குறைத்தாலும் வாரத்துக்கு அரைக் கிலோவை ஒட்டித்தான் வரும். அந்த வேகம் சரியான வேகம். தினமும் ஏறி நின்று பார்ப்பதானால் ஏழு நாள் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். இல்லையென்றால் வாரம் ஒரு நாள், காலையில், ஒரே நேரத்தில் பாருங்கள். இடுப்பளவை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை எடுங்கள். எடை நின்றுபோன வாரங்களில் நாடா குறைத்துக் காட்டும், எனக்கு அது இரண்டு தடவை நடந்தது.

எடை அசையவே இல்லையென்றால்

மாவுச்சத்து சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் நான்கு வாரமாக எடையும் இடுப்பும் அப்படியே இருக்கின்றன. அப்படியானால் எண்ணெயையும் கொட்டைகளையும் எடை போடுங்கள். ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் 120 கலோரி. ஒரு கைப்பிடி பாதாம், அதாவது 30 கிராம், 170 கலோரிக்கு மேல். கார்ப் இல்லாத உணவு என்று டிவி முன்னால் உட்கார்ந்து நான் தின்ற பாதாம் ஒரு நாள் 110 கிராம் வந்தது. அடுத்த நாளிலிருந்து காலையிலேயே 30 கிராம் நிறுத்துக் கிண்ணத்தில் வைத்துக்கொண்டு, பாதாம் பாட்டிலை அலமாரியின் மேல் தட்டில் ஏற்றிவிட்டேன்.

வெண்ணெய், கொழுப்பு இறைச்சி, சீஸ் என்று போனவர்கள் சிலருக்குக் கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். ஏறுகிறது. தொடங்கும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை, மூன்று மாதம் கழித்து இன்னொன்று எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏறியிருந்தால் வெண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெய், இறைச்சிக்குப் பதில் மீனும் பருப்பும் என்று மாற்றிக்கொண்டு, அந்த அறிக்கையை டாக்டரிடம் காட்டுங்கள்.