சாலைப் பராமரிப்பில் எது அபாயக் கழிவு? வழக்கமாக நடக்கும் தவறுகள்

சாலைக் குழிகளை அடைக்கும் பேட்ச் வேலை முடிந்ததும் எல்லார் கண்ணும் ஓரத்தில் குவித்த கரும் கட்டிகள் மேல்தான் போகும். ஆனால் பெயர்த்த தார்ச்சாலைத் துண்டு பெரும்பாலும் அபாயக் கழிவே அல்ல. உடைத்துத் திரும்பச் சாலைக்கே போடலாம். குழப்பம் நம் சொல்லிலேயே இருக்கிறது. நாம் 'தார்' என்பது கச்சா எண்ணெயைச் சுத்திகரித்தபின் அடியில் தங்கும் பிட்டுமன். நிலக்கரித் தார் வேறு. அதில் புற்றுநோய் உண்டாக்கும் பென்சோபைரீன் அதிகம். பிரிட்டனில் 1980களுக்கு முன் போட்ட பல சாலைகளில் அது உண்டு. அங்கே கிலோவுக்கு 50 மில்லிகிராம் பென்சோபைரீன் இருந்தாலே பெயர்த்த துண்டும் அபாயக் கழிவுதான்.

சரி, நம் சைட்டில் எதைப் பார்க்க வேண்டும்? முதலில் ரோலரிலிருந்து வடித்த பழைய ஆயில். நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின் முதல் அட்டவணையில் 5.1 என்ற எண்ணில் இருப்பது அதுதான். ஆயில் துடைத்த பனியன் வேஸ்ட்டும், சிந்திய ஆயில்மேல் கொட்டி அள்ளிய மணலும் 5.2. இவற்றை யாரும் கழிவாகவே நினைப்பதில்லை. ஆயிலைச் சென்ட்ரிங் பலகைக்குத் தடவுவார்கள். மண் பாதையில் புழுதி அடங்கத் தெளிப்பதும் உண்டு. அமெரிக்காவின் டைம்ஸ் பீச் ஊரில் 1970களில் அப்படித் தெளித்த ஆயிலில் டையாக்சின் என்ற கொடிய நச்சு கலந்திருந்தது. 1983இல் அரசே அந்த ஊரை விலைக்கு வாங்கிக் காலி செய்ய முன்வந்தது.

அடுத்தது "காலி டிரம்தானே" என்ற நினைப்பு. தின்னரோ வேறு அபாய ரசாயனமோ ஒட்டியிருக்கும் காலி டிரம்முக்கும் அட்டவணையில் இடம் உண்டு: 33.1. அது காயலான் கடை வழியாக யார் வீட்டிலாவது தண்ணீர் டிரம்மாகிவிடும் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

சாலையில் போட்ட பழைய மஞ்சள் கோட்டின் பெயிண்டைச் சுரண்டினால் வரும் தூளில் ஈயக் குரோமேட் என்ற ஈயம் கலந்த மஞ்சள் நிறமி இருக்கலாம். பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்ற விதி வீட்டுப் பெயிண்டுக்கு மட்டுமே. சாலைக் கோட்டுக்கு அல்ல. கழற்றிய சோடியம் விளக்கில் பாதரசம் இருக்கும், உடைக்காமல் வையுங்கள்.

அப்புறம், கொஞ்சம் ஆயில்தானே என்று இடிபாட்டுக் குவியலில் ஊற்றினால் ஆயில் குறையாது, அபாயக் கழிவுதான் கூடும். கூரைக்கடியில் தனி டிரம்மில், எந்த வண்டியில் என்றைக்கு வடித்தது என்று எழுதி வையுங்கள். பொதுவாக 90 நாள்வரைதான் வைத்திருக்கலாம். தேதி இல்லாவிட்டால் அந்தக் கணக்கை எங்கிருந்து தொடங்குவது?