வீட்டில் எலக்ட்ரோஸ்டேட்டிக் ஸ்பீக்கர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எலக்ட்ரோஸ்டேட்டிக் ஸ்பீக்கரில், துளையிட்ட இரண்டு உலோகத் தகடுகளுக்கு (ஸ்டேட்டர்) நடுவே மின்னூட்டம் ஏற்றிய மெல்லிய பிளாஸ்டிக் படலம் அதிர்ந்து ஒலி எழுப்பும். சத்தம் போதவில்லை என்றதும் பலர் முதலில் கை வைப்பது பயாஸ் வோல்டேஜில், அதாவது படலத்துக்கு மின்னூட்டம் தரும் உயர் வோல்டேஜில். குறை பெரும்பாலும் அங்கே இருக்காது. அளந்த விதமே தப்பாக இருக்கும். சாதாரண மல்டிமீட்டரின் உள்தடை 10 மெகாஓம். பயாஸ் வரும் வழியில் 20 மெகாஓம் ரெசிஸ்டர் இருந்தால் 3000 வோல்ட், மீட்டரில் 1000 என்றுதான் தெரியும். சப்ளை வலுவில்லை என்று நினைத்து மல்டிப்ளையரில் (படிப்படியாக வோல்டேஜை உயர்த்தும் சுற்று) இன்னும் இரண்டு படி சேர்த்தால், பொறி பாய்ந்து படலத்தில் ஓட்டை விழும். 1 கிகாஓம் ஹை வோல்டேஜ் புரோப் இல்லாமல் அளக்கவே வேண்டாம்.

மற்ற அளவுகள் எல்லாம் படலத்துக்கும் ஸ்டேட்டருக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பொறுத்தவை. 300 ஹெர்ட்ஸுக்கு மேல் மட்டும் பாடும் பானலுக்கு, படலத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் 1.5 மி.மீ. போதும். காற்று மி.மீ.க்கு 3000 வோல்ட் தாங்கும் என்பது வழவழப்பான தட்டுகளுக்கான கணக்கு. துளைத் தகட்டின் விளிம்புகளில் அதற்கு வெகு முன்பே கசிவு தொடங்கிவிடும். இசையின் உச்சத்தில் சிக்னல் வோல்டேஜும் கூடச் சேரும். ஆகவே பயாஸை 2000 முதல் 2500 வோல்ட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தகட்டின் பிசிறுள்ள பக்கத்தை உள்ளே வைப்பதும் அடிக்கடி நடக்கும் தவறு. விரலால் தடவிப் பார்த்து, வழவழப்பான பக்கம் படலத்தைப் பார்த்தபடி வையுங்கள். ஸ்ப்ரே பெயின்ட் துளை விளிம்பில்தான் மெலிந்து நிற்கும், பொறியும் அங்கேதான் கிளம்பும்.

படலத்தைப் பிடித்து நிறுத்தும் தாங்கு பட்டைகளுக்கு இடையிலான தூரம் இடைவெளியைப் போல 70 முதல் 100 மடங்கு இருக்கலாம், 1.5 மி.மீ.க்கு 10 முதல் 15 செ.மீ. அதைத் தாண்டினால், பாட்டே போடாதபோதும் படலம் ஏதோ ஒரு ஸ்டேட்டரில் போய் ஒட்டிக்கொள்ளும். 6 மைக்ரான் மைலாரை (படலத்துக்கான பிளாஸ்டிக் தாள்) 1 சதவீதமாவது இழுத்துக் கட்டியபின் ஹீட் கன் காட்டுங்கள். சுருக்கம் போனாலே இழுவிசை வந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

படலத்தில் மின்னூட்டம் பரவத் தேய்க்கும் கிராஃபைட் பூச்சில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். பளபளவென்று கறுப்பாகத் தேய்த்தால் தடை வெகுவாகக் குறைந்து, மின்னூட்டம் சிக்னலோடு சேர்ந்து படலத்தில் அங்குமிங்கும் ஓடும்; கீழ் அலைவரிசையில் ஒலி கலங்கும். பொறி பாய்ந்தால் சுற்றுவட்டார மின்னூட்டம் முழுவதும் அந்த ஒரு புள்ளியில் வந்து கொட்டும். வேண்டிய பரப்புத் தடை, சதுரத்துக்கு 10 கோடி முதல் 1000 கோடி ஓம். இரண்டு முனைகளை ஒரு செ.மீ. தள்ளி வைக்கும்போது மீட்டர் ஏதாவது எண் காட்டினாலே பூச்சு கூடிவிட்டது, பஞ்சால் துடைத்தெடுங்கள்.

ஆம்ப்பின் சிக்னலை ஸ்டேட்டருக்கு வேண்டிய உயர் வோல்டேஜாக்க டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். 230க்கு 6 வோல்ட் டொராய்டல் (வளைய வடிவ) டிரான்ஸ்ஃபார்மர் இரண்டைத் தலைகீழாகப் போட்டு, 6 வோல்ட் பக்கங்களை இணையாகவும் 230 பக்கங்களைத் தொடராகவும் சேர்த்தால் கிட்டத்தட்ட 77 மடங்கு கிடைக்கும். இவற்றின் இரும்பு உள்ளகம் 50 ஹெர்ட்ஸில் 6 வோல்ட்டுக்கே காந்த நிறைவு அடையும். 300 ஹெர்ட்ஸில் 36 வோல்ட் வரை தாங்கும். ஆகவே கீழ் அலைவரிசையைப் பிரித்து நீக்கும் கிராஸ்ஓவர் இல்லாமல் நேரே பாட்டுப் போடுவது ஆம்ப்பை ஷார்ட் செய்வதற்குச் சமம். மேல் அலைவரிசையிலும் கவனம் வேண்டும்: 1 நானோஃபாரட் பானல், இந்த 77 மடங்கால் ஆம்ப்புக்குச் சுமார் 6 மைக்ரோஃபாரடாகத் தெரியும். 20 கிலோஹெர்ட்ஸில் அது 1.3 ஓம்தான். டிரான்ஸ்ஃபார்மருக்கு முன்னால் தொடரில் 1 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை விட்டுவிடாதீர்கள்.

பயாஸுக்கு மட்டும் பயப்படுவதும் தவறு. அங்கே மெகாஓம் கணக்கில் தடை இருக்கிறது. ஸ்டேட்டர் பக்கத்தில் தடையே இல்லை, ஆம்ப்பின் முழு பவரும் பின்னால் நிற்கிறது. ஆளைக் கொல்லக்கூடியது அதுதான். பாட்டு ஓடும்போது தகட்டைத் தொடாதீர்கள். அணைத்த பிறகும் பயாஸ் கெப்பாசிட்டர்களை ரெசிஸ்டர் வழியாக இறக்கிவிட்டு, புரோப்பில் பூஜ்யம் பார்த்தபின் கழற்றுங்கள்.