தரமிறங்கிய கால்பந்து கிளப்பின் மதிப்பு: தவிர்க்க வேண்டிய கணக்குப் பிழைகள்

இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் ஒவ்வொரு சீசனின் முடிவிலும் கடைசி மூன்று இடங்களில் நிற்கும் கிளப்புகள் இரண்டாம் நிலைப் போட்டியான சாம்பியன்ஷிப்புக்கு இறக்கப்படுகின்றன. அந்த வாரமே "பத்துக் கோடி பவுண்டு நட்டம்", "கிளப் விலைக்கு வருகிறது" என்ற வகைச் செய்திகள் பரவத் தொடங்கிவிடும். தரமிறக்கத்தால் வருவாய் சரிவது உண்மைதான். ஆனால் ஒரு கிளப்பின் விலையையும் அது யார் கையில் இருக்கும் என்பதையும் அந்தச் சரிவை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. குறைந்துபோன வருவாய்க்கும் அவ்வளவு எளிதில் குறையாத செலவுக்கும் இடையிலுள்ள பள்ளத்தை யார், எத்தனை ஆண்டுகளுக்கு, எவருடைய பணத்தைக் கொண்டு நிரப்பப்போகிறார் என்று கேட்காமல் போடப்படும் கணக்குகள் பெரும்பாலும் பொய்த்துப்போகின்றன.

கிளப் எதை இழக்கிறது என்பதிலேயே முதல் குழப்பம் தொடங்கிவிடுகிறது. பிரீமியர் லீக் என்பது சட்டப்படி ஒரு நிறுவனம். அதில் ஆடும் இருபது கிளப்புகளும் ஆளுக்கொரு பங்கு வைத்திருக்கின்றன. தரமிறங்கும் கிளப் அந்த ஒரு பங்கை, மேலே வரும் கிளப்புக்கு மாற்றிக்கொடுத்துவிட்டு வெளியேறுகிறது. கிளப்பின் சொந்தப் பங்குகள் உரிமையாளரிடமே இருக்கின்றன. மைதானம், பயிற்சிக் கூடம், வீரர்களின் ஒப்பந்தங்கள், கடன்கள் எதுவும் கைமாறுவதில்லை. ஆனால் அந்த ஒற்றைப் பங்கோடு தொலைக்காட்சிப் பணத்தில் பங்குபெறும் உரிமை போய்விடுகிறது. 2022-23 சீசனில் கடைசி இடம் பிடித்த சவுத்தாம்ப்டனுக்குக்கூட லீக்கின் பொது வருவாயிலிருந்து ஏறத்தாழ 10 கோடி பவுண்டுக்கு மேல் கிடைத்தது. சாம்பியன்ஷிப்பில் பல ஆண்டுகளாக ஆடிவரும் ஒரு கிளப்புக்கு இத்தகைய வழிகளில் வருவது அதில் சுமார் பத்தில் ஒரு பங்குதான்.

இந்த இரண்டு எண்களையும் கழித்துப் பார்த்து, மிஞ்சுவதே இழப்பு என்று எழுதிவிடுவது அடுத்த தவறு. இறங்கும் கிளப்புகளுக்குப் 'பாராசூட் தொகை' உண்டு. பிரீமியர் லீக் கிளப்புகள் சமமாகப் பிரித்துக்கொள்ளும் தொலைக்காட்சி வருவாயில் ஒரு கிளப்பின் பங்கு எவ்வளவோ, அதில் முதல் ஆண்டு 55 சதவீதமும், இரண்டாம் ஆண்டு 45 சதவீதமும், மூன்றாம் ஆண்டு 20 சதவீதமும் வழங்கப்படும். ஒரே ஒரு சீசன் மட்டும் மேலே இருந்துவிட்டு இறங்கிய கிளப்புக்கு மூன்றாம் ஆண்டுத் தொகை கிடையாது. இடையில் மீண்டும் மேலேறினால் மீதித் தொகை நின்றுவிடும். எனவே முதல் ஆண்டின் அடி, பரபரப்புச் செய்திகள் சொல்லும் அளவுக்கு இருப்பதில்லை. அதற்காக இந்தத் தொகையை நிலையான வருவாய் போலக் கருதி மதிப்பிடுவது இன்னும் பெரிய பிழை. அது ஆண்டுக்கு ஆண்டு வற்றிக்கொண்டே போகும் பணம். தரமிறங்கிய கிளப்பின் உண்மையான நெருக்கடி பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில்தான் வருகிறது. உடைமை மாற்றங்களும் அப்போதுதான் அதிகம் நிகழ்கின்றன.

ஆஸ்டன் வில்லாவின் கதை இதைத் தெளிவாகக் காட்டும். 2016-இல் அந்த கிளப் இறங்கியபோது, பத்து ஆண்டுகளாக அதை வைத்திருந்த அமெரிக்கர் ராண்டி லெர்னர், சீனத் தொழிலதிபர் டோனி சியாவிடம் விற்றுவிட்டு விலகினார். புதிய உரிமையாளர் உடனடியாக மேலேறுவதையே நம்பிச் செலவு செய்தார். 2018 மே மாதத்தில், மேலேறும் கடைசி இடத்துக்கான பிளே-ஆஃப் இறுதி ஆட்டத்தில் ஃபுல்ஹாமிடம் 0-1 என்று தோற்றதும், அடுத்து வரவிருந்தது மூன்றாம் ஆண்டின் மெலிந்த பாராசூட் தொகை மட்டுமே என்ற நிலையில், சுமார் 40 லட்சம் பவுண்டு வரிப் பாக்கியைக் குறித்த நாளில் கட்ட முடியாமல் கிளப் தடுமாறியது. பல கோடி பவுண்டு மதிப்புள்ளதாகச் சொல்லப்பட்ட ஒரு கிளப்புக்கு இந்தத் தொகை சிறியதுதான். ஆனால் மதிப்பைக் கொண்டு வரி கட்ட முடியாது, ரொக்கம் வேண்டும். அதே ஆண்டு ஜூலையில் எகிப்தின் நாசெஃப் சாவிரிஸும் அமெரிக்காவின் வெஸ் ஈடன்ஸும் 55 சதவீதப் பங்குகளை வாங்கிக் கட்டுப்பாட்டைக் கைப்பற்றினர். 2019-இல் கிளப் மேலேறியது. 2024-25 சீசனில் ஐரோப்பாவின் முதன்மைக் கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கில் ஆடியது. உடைமையை மாற்றிய நேரடிக் காரணம், தரமிறங்கி இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த பணமுடைதான்.

செலவுப் பக்கத்தில், வீரர்களின் சம்பளம் தானாகவே குறைந்துவிடும் என்று நம்புவது வழக்கமான பிழை. பல ஒப்பந்தங்களில் தரமிறங்கினால் சம்பளம் குறையும் என்ற விதி இருக்கும், சிலவற்றில் இருக்காது. 2017-இல் சண்டர்லாந்து இறங்கியபோது, அதன் வீரர் ஜாக் ராட்வெலின் ஒப்பந்தத்தில் அப்படியொரு விதி இல்லாததால், வாரத்துக்கு 70,000 பவுண்டு என்று செய்திகள் குறிப்பிட்ட சம்பளம் சாம்பியன்ஷிப்பிலும் தொடர்ந்தது. அந்த ஒப்பந்தத்தை எழுதித் தந்தது கிளப் என்பதை மறந்துவிட்டு, வீரரை மட்டும் குறைசொல்லும் பேச்சு அப்போது நிறையவே நடந்தது. குறைப்பு விதிக்கு மறுபக்கமும் உண்டு: அதை ஏற்கும் வீரர், பதிலுக்குத் தரமிறங்கினால் வெளியேறும் உரிமையைக் கேட்டுப் பெறுவார். 2023-இல் லீட்ஸ் யுனைடெட் இறங்கியதும் ராபின் கோக், பிரெண்டன் ஆரன்சன், ராஸ்மஸ் கிறிஸ்டென்சன், மாக்ஸ் வோபர் எனப் பலர் இரவல் ஒப்பந்தங்களில் வேறு நாட்டுக் கிளப்புகளுக்குப் போய்விட்டனர். சம்பளச் சுமை குறைந்தது உண்மை. ஆனால் விற்றுப் பணமாக்கியிருக்கக்கூடிய வீரர்கள் கைக்காசு தராமலே வெளியேறினார்கள். ஆகவே 'அணியின் சந்தை மதிப்பு' என்று இணையத்தில் காணப்படும் கூட்டுத்தொகையை அப்படியே கிளப்பின் சொத்தாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வாங்குபவர்கள் அவசரத்தை மோப்பம் பிடித்துவிடுவார்கள். அந்த வீரர்களை வாங்கியபோது பேசிய விலையில் இன்னும் கொடுக்க வேண்டிய தவணைகளும் இருக்கலாம்.

லீட்ஸையே விலைக்கும் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அப்போதைய உரிமையாளர் ஆண்ட்ரியா ராட்ரிசானியிடமிருந்து சிறிது சிறிதாகப் பங்குகளை வாங்கி வந்த 49அர்ஸ் எண்டர்பிரைசஸ் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனம், கிளப் முழுவதையும் 40 கோடி பவுண்டுக்கு மேற்பட்ட மதிப்பில் வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டைச் செய்திருந்தது. 2023 மே மாதத்தில் கிளப் இறங்கியதும், சில வாரங்களுக்குள் ஏறத்தாழ 17 கோடி பவுண்டு மதிப்பில் கைமாற்றம் முடிவானதாகச் செய்திகள் கூறின. இதைப் படித்தவர்கள் "ஒரே நாளில் 23 கோடி காற்றில் கரைந்தது" என்று எழுதினார்கள். இந்த வாக்கியத்தில் இரண்டு பிழைகள் உள்ளன. முதலாவதாக, பெரிய தொகை என்பது கிளப் பிரீமியர் லீக்கில் நீடிக்கும் என்ற நிலைக்குப் பேசப்பட்டது. அந்த நிலை நிறைவேறாதபோது அந்த விலையும் இல்லை. இரண்டாவதாக, இந்த வேறுபாடு எந்த ஒரு சீசனின் வருவாய் இழப்பைவிடவும் பெரியது. மீண்டும் மேலேற எத்தனை ஆண்டு ஆகும் என்று தெரியாமை, அதுவரை உரிமையாளர் ஆண்டுதோறும் போட வேண்டிய பணம், ஒருவேளை ஏறாமலே போகும் ஆபத்து ஆகிய அனைத்தும் விலையிலிருந்து கழிக்கப்பட்டிருக்கின்றன. அப்படிக் கழித்த பிறகும் 17 கோடி மிஞ்சியதற்குக் காரணம், பெரிய நகரம், நிறையும் மைதானம், மேலேறும் வாய்ப்பு ஆகியவை. லீட்ஸ் 2025-இல் 100 புள்ளிகளோடு மேலேறியதை இன்று பார்க்கும்போது அது மலிவாகத் தோன்றலாம். 2024-இல் பிளே-ஆஃப் இறுதியில் தோற்ற அன்று அப்படித் தோன்றியிருக்காது.

தரமிறங்கிய கிளப்பை உரிமையாளர் விற்றே ஆக வேண்டும் என்ற எண்ணமும் தவறானது. மைக் ஆஷ்லி 2007-இல் நியூகாசில் யுனைடெட்டைச் சுமார் 13.4 கோடி பவுண்டுக்கு வாங்கினார். 2009-இல் கிளப் இறங்கியதும் 10 கோடி பவுண்டு விலை சொல்லிச் சந்தையில் வைத்தார், ஏற்ற ஆள் அமையவில்லை, விற்பனையைக் கைவிட்டார். கிளப் மறு ஆண்டே மேலேறியது, 2016-இல் மீண்டும் இறங்கியது, 2017-இல் மீண்டும் ஏறியது. 2021 அக்டோபரில் சவூதி அரேபியாவின் பொது முதலீட்டு நிதியம் தலைமையிலான கூட்டமைப்பு சுமார் 30.5 கோடி பவுண்டு கொடுத்து அதை வாங்கியது. இரண்டு தரமிறக்கங்களையும் தாங்கி நிற்கும் அளவு பணம் இருந்தவரால் காத்திருக்க முடிந்தது. புனேயைச் சேர்ந்த வெங்கீஸ் குழுமத்தின் கதை வேறு. 2010 நவம்பரில் 2.3 கோடி பவுண்டுக்கு பிளாக்பர்ன் ரோவர்ஸை வாங்கியது அந்தக் குடும்பம். கிளப் 2012-இல் இரண்டாம் நிலைக்கும், 2017-இல் மூன்றாம் நிலைக்கும் இறங்கியது. 2018-இல் ஒரு படி ஏறியது. ரசிகர்களின் கடும் எதிர்ப்புக்கு இடையிலும் உடைமை மாறவில்லை. வாங்கிய விலையைப் பன்மடங்கு மிஞ்சும் பணம் அதன்பின் உள்ளே போயிருக்கிறது. பிற்காலத்தில் இந்தியாவில் எழுந்த அமலாக்கத் துறை விசாரணையால், பணம் அனுப்ப டெல்லி உயர் நீதிமன்றத்தை நாட வேண்டிய நிலையும் வந்தது. கிளப்பை வாங்கும் விலையை மட்டும் பார்ப்பவர்கள் இந்த இரண்டாவது செலவை, அதாவது வைத்திருக்கும் செலவை, காண்பதே இல்லை. சாம்பியன்ஷிப் கிளப்புகளின் மொத்தச் சம்பளச் செலவு பல சீசன்களில் அவற்றின் மொத்த வருவாயையே தாண்டியிருப்பதாக டெலாய்ட் என்ற கணக்குத் தணிக்கை நிறுவனத்தின் ஆண்டறிக்கைகள் காட்டுகின்றன.

கடன் எப்படி அமைந்திருக்கிறது என்று பாராமல் விலையைப் பேசுவதுதான் என் பார்வையில் எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு. 2020 டிசம்பர் இறுதியில் ஏஎல்கே கேபிடல் என்ற அமெரிக்க நிறுவனம் பர்ன்லியின் 84 சதவீதப் பங்குகளை வாங்கியபோது, விலையின் ஒரு பகுதி 6.5 கோடி பவுண்டு கடனாக வந்தது. அந்தக் கடன் கிளப்பின் மீதே ஏற்றப்பட்டது. வாங்கப்போகும் வீட்டை அடகு வைத்தே அந்த வீட்டை வாங்குவது போன்றது இது. அதுவரை கடனில்லாமல், வங்கியில் கணிசமான ரொக்கத்தோடு இருந்த கிளப் அது. தரமிறங்கினால் அந்தக் கடனின் பெரும்பகுதியை முன்கூட்டியே திருப்பித்தர வேண்டும் என்ற நிபந்தனை இருப்பது பின்னர் வெளியான கணக்கறிக்கையில் தெரிந்தது. 2022 மே மாதத்தில் கிளப் இறங்கவும் செய்தது. வருவாய் சரியும் அதே கோடையில் அசலையும் கட்ட வேண்டியிருந்தது. வீரர்கள் பலர் விற்கப்பட்டனர். அடுத்த சீசனிலேயே 101 புள்ளிகள் எடுத்து பர்ன்லி மேலேறியதால் அந்தக் கடினம் மறக்கப்பட்டுவிட்டது. ஏறாமல் போயிருந்தால் கதை எப்படி முடிந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமன்று. சண்டர்லாந்தில் இதற்கு நேர்மாறாக, 2018-இல் கிளப் அடுத்தடுத்த ஆண்டில் இரண்டாவது முறையாக இறங்கியபோது, வெளியேறிய உரிமையாளர் எல்லிஸ் ஷார்ட் கடன்களைத் தீர்த்துவிட்டே ஒப்படைத்தார். ஆனால் புதியவர்கள் கொடுத்த விலையின் ஒரு பகுதி, கிளப்புக்கு வர வேண்டிய பாராசூட் தொகையிலிருந்தே போனது என்பது பிறகு வெளிப்பட்டு ரசிகர்களின் கோபத்துக்கு ஆளானது. ஆக, 'இவ்வளவு கோடிக்கு விற்றது' என்ற செய்தியைக் கண்டால், அந்தப் பணம் யாருடையது, கடன் யார் பெயரில் நிற்கிறது என்ற இரண்டையும் கேட்ட பிறகே விலையைப் பற்றிப் பேச வேண்டும்.

நம் வாசகர்களிடம் காணப்படும் இன்னொரு பிழை, ஐபிஎல் அணிகளின் மதிப்பை அளவுகோலாக வைத்து ஐரோப்பிய கிளப்புகளை அளப்பது. 2025 ஐபிஎல்லில் சென்னை சூப்பர் கிங்ஸ் கடைசி இடத்தில் முடித்தது. அடுத்த ஆண்டு அது ஆடும் இடத்துக்கோ பொது ஒளிபரப்பு வருவாயில் அதற்குரிய பங்குக்கோ எந்த ஆபத்தும் வரவில்லை. அமெரிக்க லீக்குகளும் அப்படியே. அங்கே வருவாய் ஏறக்குறைய உறுதியானது என்பதால் அணியின் விலை வருவாயின் பல மடங்காக நிற்கிறது. இங்கிலாந்தில் அதே மடங்கைப் போட்டால் விடை தவறும், ஏனென்றால் பெருக்கப்படும் வருவாயே அடுத்த மே மாதம் இல்லாமல் போகக்கூடும். பிளே-ஆஃப் இறுதியை 'உலகிலேயே விலையுயர்ந்த ஆட்டம்' என்று சொல்லி மேற்கோள் காட்டப்படும் தொகையையும் இதே கவனத்தோடு படிக்க வேண்டும். 2024-இல் டெலாய்ட் மதிப்பிட்ட 14 கோடி பவுண்டு என்பது மூன்று சீசன்களுக்கான கூடுதல் வருவாய், பாராசூட் தொகையையும் சேர்த்தது. அதில் எவ்வளவு சம்பளமாகவும் வீரர் விலையாகவும் உடனே வெளியேறும் என்பது அந்த எண்ணில் இல்லை.

மைதானம் யாருடையது என்பதைச் சரிபார்க்காமல் இருக்கக் கூடாது. டெர்பி கவுண்டியின் உரிமையாளர் மெல் மோரிஸ் 2018-இல் மைதானத்தைச் சுமார் 8 கோடி பவுண்டுக்குத் தம்முடைய வேறொரு நிறுவனத்துக்கு மாற்றினார். 2021-இல் கிளப் திவால் நிர்வாகத்துக்குள் போனபோது, வாங்க வந்தவர்கள் கிளப்பையும் மைதானத்தையும் தனித்தனியாகப் பேச வேண்டியிருந்தது. 21 புள்ளிகள் வெட்டப்பட்டு மூன்றாம் நிலைக்கு இறங்கிய பின்னரே, 2022 கோடையில் டேவிட் குளோஸ் இரண்டையும் வாங்கி ஒன்றாக்கினார்.

கடைசியாக, பணக்கார உரிமையாளர் வந்தால் தரமிறக்கத்தின் விளைவைக் காசால் துடைத்துவிடலாம் என்ற நம்பிக்கை. நட்டத்துக்கும் விதிப்படி வரம்பு உண்டு. லெஸ்டர் சிட்டி 2023-இல் இறங்கிய காலத்து விதிகளின்படி, மூன்று ஆண்டுகளைச் சேர்த்துப் பார்க்கும் கணக்கில் பிரீமியர் லீக்கில் ஆடிய ஒவ்வொரு சீசனுக்கும் 3.5 கோடி பவுண்டு வரையும், சாம்பியன்ஷிப்பில் ஆடிய ஒவ்வொரு சீசனுக்கும் 1.3 கோடி வரையும்தான் நட்டம் அனுமதிக்கப்பட்டது. இறங்கிய கிளப்பின் வரம்பு ஆண்டுக்கு ஆண்டு சுருங்கும். எந்தத் தேதியில் எந்த லீக்கின் விதி பொருந்தும் என்பதே வழக்காகவும் மாறலாம். லெஸ்டரின் கணக்காண்டு அந்த ஜூன் 30-ஆம் தேதி முடிந்தது. அதற்குச் சில நாள் முன்பே அது லீக்கின் பங்கை ஒப்படைத்துவிட்டிருந்தது. அதனால் அந்தக் கணக்கை வைத்து நடவடிக்கை எடுக்கப் பிரீமியர் லீக்குக்கு அதிகாரமில்லை என்று 2024 செப்டம்பரில் மேல்முறையீட்டுக் குழு தீர்ப்பளித்தது.