பிங்க் ஃப்ளாய்ட் ஆல்பம் கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய ராக் இசைக்குள் புதிதாக நுழைகிறவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: எந்த ஆல்பத்தை ஒரு பாட்டைக்கூடத் தாண்டாமல் கேட்கலாம்? இங்கிலாந்து ராக் குழுவான பிங்க் ஃப்ளாய்ட் என்றால் யோசிக்காமல் மூன்று பெயர்களைச் சொல்வேன். 1973-இல் வந்த ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’, 1975-இல் வந்த ‘விஷ் யூ வேர் ஹியர்’, 1977-இல் வந்த ‘அனிமல்ஸ்’. அப்படிச் சொல்லி அனுப்பிய பிறகு, ‘நல்லாத்தான் இருக்கு, ஆனா நடுவுல ரொம்ப இழுக்குது’ என்று திரும்பி வந்தவர்களும் உண்டு. எப்படிக் கேட்டீர்கள் என்று விசாரித்தால் பெரும்பாலும் அதே சில தவறுகள்தான் வெளியே வரும்.

ஒவ்வொரு பாட்டையும் தனி ஆளாக நினைப்பது

திரையிசையில் வளர்ந்த காது நமக்கு. ஒரு படத்தில் ஆறு பாட்டு, ஆறும் ஆறு சூழல். பிடிக்காத ஒன்றை விட்டுவிட்டால் மற்ற ஐந்துக்கும் ஒரு குறையும் வராது. அந்தப் பழக்கத்தோடு ‘டார்க் சைட்’டைத் திறக்கிறவர், இதயத் துடிப்பு, சிரிப்பு, பேச்சுத் துணுக்குகள் போன்ற ஒலிகள் மட்டுமே உள்ள ‘ஸ்பீக் டு மீ’யைத் தாண்டுகிறார். ‘ப்ரீத்’ மெதுவாகப் போகிறது என்று பாதியில் விடுகிறார். வெறும் சிந்தசைசர் ஓட்டமாக இருக்கிறதே என்று ‘ஆன் தி ரன்’னைத் தள்ளிவிட்டு, பெயர் தெரிந்த ‘டைம்’ பாட்டில் வந்து நிற்கிறார்.

அந்த ‘டைம்’ முடிகிற இடத்தைக் கவனியுங்கள். கடிகாரங்கள் அலறி, கிட்டார் சீறி, வாழ்நாள் கைநழுவிப் போவதைப் பற்றிய வரிகளும் முடிந்தபின் தாளம் தணிகிறது. ‘ப்ரீத்’தின் மெட்டு வேறு வரிகளோடு திரும்பி வருகிறது. களைத்துப்போய், குளிரில் வீடு வந்து, கணப்பருகே உட்கார்ந்து உடம்பைச் சூடேற்றிக்கொள்ளும் ஒருவன் பேசும் வரிகள் அவை. அவன் வீடு திரும்பும்போது மெட்டும் தன் வீட்டுக்குத் திரும்புகிறது. ‘ப்ரீத்’தைத் தாண்டி வந்தவருக்கு அது ஒரு பாட்டின் வால். முழுதாகக் கேட்டு வந்தவருக்குத் தொண்டை அடைக்கிற இடம்.

ஒரு பாட்டைத் தாண்டலாமா கூடாதா என்பதற்கு நான் பார்ப்பது இதை மட்டும்தான்: அது எதனோடு ஒட்டியிருக்கிறது, எடுத்தால் எது அறுந்துபோகும்? அது நல்ல பாட்டா என்ற கேள்வி எனக்கு இரண்டாவதுதான். இந்தக் கணக்கில், பலரும் தாண்டும் ‘எனி கலர் யூ லைக்’ மிக அவசியமான ஒன்று. மூன்றரை நிமிடம், ஒரு சொல்கூடக் கிடையாது. ஆனால் போரையும் பிரிவினையையும் பேசும் ‘அஸ் அண்ட் தெம்’மிலிருந்து மனம் பிறழ்வதைப் பேசும் ‘பிரெய்ன் டேமேஜ்’க்குப் போக அந்தப் பாலம் வேண்டும். அதிலும் ‘ப்ரீத்’தின் சாயல் இருக்கிறது. ‘தி கிரேட் கிக் இன் தி ஸ்கை’யும் இப்படித்தான் பலி ஆகிறது. சொற்களே இல்லாமல் ஒரு பெண் குரல் கதறி, கெஞ்சி, அடங்குகிறது. பாடியவர் கிளேர் டோரி. லண்டன் ஆபி ரோடு ஸ்டூடியோவில் ஒரே அமர்வில் பாடிவிட்டு 30 பவுண்ட் கூலியோடு போனார். முப்பது ஆண்டுகள் கழித்து நீதிமன்றம் போய், 2005-இல் சமரசமான பிறகுதான் இசையமைப்பில் அவர் பெயரும் சேர்ந்தது. இசைத்தட்டில் முதல் பக்கம் அந்தக் குரலோடு முடியும். எழுந்துபோய்த் தட்டைத் திருப்பி வைத்தால்தான் ‘மணி’யின் சில்லறைச் சத்தம் கேட்கும். அந்தச் சிறு மௌனத்தையும் சேர்த்தே கேட்டார்கள் அன்று.

ஒட்டு என்றால் என்ன என்பதற்கு இன்னொரு இடம் சொல்கிறேன், எனக்கு மிகப் பிடித்தது. ‘விஷ் யூ வேர் ஹியர்’ ஆல்பத்தில் ‘ஹாவ் எ சிகார்’ முழுக் குழுவோடு முழங்கிக்கொண்டிருக்கும். திடீரென்று மொத்தச் சத்தமும் ஒரு சின்ன ரேடியோப் பெட்டிக்குள் சுருங்கும். யாரோ ஸ்டேஷன் மாற்றுகிறார்கள். கரகரப்பு, பேச்சு, ரஷ்ய இசையமைப்பாளர் சைகாவ்ஸ்கியின் சிம்பொனியில் ஒரு துளி. பிறகு அந்த ரேடியோவிலேயே ஒரு கிட்டார் மெலிதாக வாசிக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து, ரேடியோ இருக்கும் அதே அறையில் ஒருவர் இருமுகிறார். தன் கிட்டாரை எடுத்து, ரேடியோவோடு சேர்ந்து வாசிக்க ஆரம்பிக்கிறார். அறைக்குள் இருக்கும் கிட்டார் அத்தனை நெருக்கமாக, விரல் உரசுவது தெரியும்படி ஒலிக்கும். இல்லாத ஒருவரோடு சேர்ந்து வாசிப்பது போன்ற அந்தத் தனிமைதான், இப்படித் தொடங்கும் ‘விஷ் யூ வேர் ஹியர்’ பாட்டு முழுக்கப் பேசும் விஷயம். தனிப்பாட்டாகக் கேட்டால் ரேடியோக் கரகரப்பு மட்டும் கேட்கும், சுருங்கிப்போன அந்தப் பெரிய சத்தம் கேட்காது. சத்தம் சுருங்கியதைக் கேட்காதவருக்கு அந்த அறை எவ்வளவு சின்னது என்று தெரியாது.

1979-இல் வந்த ‘தி வால்’ இரட்டை ஆல்பத்திலும் இப்படிப்பட்ட இடங்கள் ஏராளம். ‘கம்ஃபர்ட்டப்ளி நம்ப்’ பாட்டுக்கு நேராகப் போகிறவர்கள்தான் அதிகம், அந்தக் கிட்டாருக்காக. அதற்கு முன்னால் ‘பிரிங் தி பாய்ஸ் பேக் ஹோம்’ என்று ஒன்றரை நிமிடத் துண்டு ஒன்று இருக்கிறது. அதன் முடிவில் கதவு தட்டும் ஓசை, தொலைபேசி, பழைய காட்சிகளின் குரல்கள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழ, வெளியே யாராவது இருக்கிறீர்களா என்று ஒரு குரல் எதிரொலிக்கிறது. அடுத்த பாட்டின் முதல் வரி, உள்ளே யாராவது இருக்கிறீர்களா என்பது. கேள்வி வெளியிலிருந்து உள்ளே திரும்பிவிட்டது. முன்துண்டைத் தாண்டினால் பாதிக் கேள்வி போய்விடும்.

முதல் நிமிடத்திலேயே தீர்ப்புச் சொல்வது

‘ஷைன் ஆன் யூ கிரேஸி டைமண்ட்’ பாட்டில் முதல் சொல் வர எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். நான்கே சுரங்கள் கொண்ட அந்தக் கிட்டார் ஒலி வரவே நான்கு நிமிடம் ஆகிவிடும். இது இழுவை என்று விரல் அடுத்த பாட்டுக்குப் போகும். எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டால் பொறுமை தானாக வரும்.

அந்தப் பாட்டு சிட் பாரெட்டைப் பற்றியது. குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர், 1967-இல் வந்த முதல் ஆல்பத்தின் உயிர். மனநிலை குலைந்து 1968-இல் விலகினார். 1975 ஜூனில், அவரைப் பற்றிய பாட்டுக்கான வேலைகள் நடந்துகொண்டிருந்தபோதே, தலையும் புருவமும் மழித்து, உடம்பு பெருத்த ஒருவர் ஸ்டூடியோவுக்குள் வந்தார். கூடவே வாழ்ந்தவர்களுக்கே முதலில் அடையாளம் தெரியவில்லை. இதைத் தெரிந்துகொண்டு அந்த எட்டு நிமிடத்தைக் கேளுங்கள். யாருக்காகவோ விளக்கை ஏற்றிவைத்துவிட்டுக் காத்திருப்பது போல இருக்கும். அதே பாட்டின் மறுபாதி ஆல்பத்தின் கடைசியில் வருகிறது. ஐந்தே பாட்டு கொண்ட ஆல்பத்தில் முதலும் கடைசியும் ஒரே பாட்டு. இதில் எதைத் தாண்டுவது?

‘அனிமல்ஸ்’ஸிலும் அதே கட்டுமானம்தான். முன்னும் பின்னும் ஒன்றரை நிமிடம்கூட நிறையாத ‘பிக்ஸ் ஆன் தி விங்’ இரண்டு துண்டுகள், வெறும் கிட்டாரும் குரலும். நடுவில் மூன்று நெடும்பாட்டுகள், ஒன்று மட்டும் 17 நிமிடம். நாய், பன்றி, ஆடு என்று மனிதர்களைப் பிரித்துத் திட்டித் தீர்க்கும் கோபமான ஆல்பம் அது. அந்தக் கோபத்தைத் தாங்கிக்கொள்ள வைப்பதே ஓரத்தில் நிற்கும் அந்த இரண்டு சின்ன அன்பு வார்த்தைகள்தான். சின்னதாக இருக்கிறதே என்று அவற்றைத் தாண்டுகிறவர்கள் வெறும் கோபத்தை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

போனில் மாற்ற வேண்டியவை

பாட்டு வரிசையைக் கலைத்துப்போடும் ஷஃபிளை அணைப்பது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் மறப்போம். 2021-இல் பாடகி அடேல் கேட்டுக்கொண்டதால் ஸ்பாட்டிஃபை ஆல்பம் பக்கத்தில் ஷஃபிள் தானாக ஓடுவதை எடுத்துவிட்டது. மற்ற இடங்களில் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு பாட்டின் முடிவை அடுத்ததோடு குழைத்துவிடும் கிராஸ்ஃபேட் இருந்தால் அதைப் பூஜ்யத்தில் வையுங்கள். குழுவினர் எங்கே குழைக்க வேண்டுமோ அங்கே குழைத்துத்தான் கொடுத்திருக்கிறார்கள். எம்பி3 கோப்புகளாக வைத்திருப்பவர்களுக்கு வேறு சிக்கல்: அந்த வடிவத்தில் மாற்றும்போதே பாட்டின் முன்னும் பின்னும் நொடியின் சிறு பகுதி மௌனம் ஒட்டிக்கொள்ளும். ‘பிரெய்ன் டேமேஜ்’ முடிந்து ‘எக்லிப்ஸ்’ வெடிக்கிற இடத்தில் அந்த இமைப்பொழுது இடைவெளி பல்லில் கல் கடிபட்டது போல இருக்கும். இடைவெளி இல்லாமல் ஓட்டும் வசதி உள்ள பிளேயரில் கேளுங்கள்.

ஒலி அளவையும் சொல்லிவிடுகிறேன். ‘ஸ்பீக் டு மீ’ காதில் விழாத அளவுக்கு மெதுவாகத் தொடங்கும். ஒன்றும் கேட்கவில்லையே என்று கூட்டிவைத்தீர்களானால் ஒரு நிமிடம் கழித்து வரும் அலறலில் ஹெட்ஃபோனைக் கழற்றி எறிவீர்கள். அது அப்படித்தான் இருட்டிலிருந்து எழுந்து வர வேண்டும், விட்டுவிடுங்கள். விளம்பரம் குறுக்கிடும் இலவசச் சேவையில் இந்த ஆல்பங்களைத் தொடவே வேண்டாம் என்பேன்.

தொகுப்பிலிருந்து தொடங்குவது, போனஸோடு முடிப்பது

2001-இல் வந்த ‘எக்கோஸ்’ என்ற தொகுப்பு நல்ல அக்கறையோடு கோத்த தொகுப்புதான். ஆனால் அதில், ‘மெடில்’ ஆல்பத்தின் இரண்டாம் பக்கம் முழுவதையும் நிறைக்கும் 23 நிமிட ‘எக்கோஸ்’ பாட்டையே பதினாறு நிமிடச் சொச்சமாக வெட்டியிருக்கிறார்கள். தொகுப்பைக் கேட்டுப் பழகியவர் பிறகு முழுப்பாட்டைக் கேட்டால், நடுவில் அந்தத் திமிங்கலக் கேவல் போன்ற பகுதி நீளும்போது பொறுமை இழப்பார். குறைத்த அளவே சரியான அளவு என்று காது முடிவு செய்துவிட்டிருக்கும்.

பிங்க் ஃப்ளாய்டுக்கே இதில் பிடிவாதம் இருந்தது. ஆல்பத்தைப் பிரித்து ஒவ்வொரு பாட்டாக இணையத்தில் விற்கக் கூடாது என்று தங்கள் இசைத்தட்டு நிறுவனமான இஎம்ஐ மீது வழக்குப் போட்டார்கள். 2010 மார்ச்சில் லண்டன் உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே சமரசமாகி, பாட்டுகள் மறுபடியும் தனித்தனியாக விற்பனைக்கு வந்தன. எனக்கு அதில் வருத்தம்தான்.

போனஸ் பாட்டுகள் விஷயத்தில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. நான் ‘டார்க் சைட்’டை முதலில் கேட்டது ஒரு ரெக்கார்டிங் கடையில் பதிவு செய்து வாங்கிய 60 நிமிடக் கேசட்டில். ஆல்பத்தின் முதல் பக்கம் 19 நிமிடச் சொச்சம், கேசட்டின் பக்கமோ 30 நிமிடம். மிச்ச இடம் வீணாகக் கூடாது என்று கடைக்காரர் ‘மணி’யையும் முதல் பக்கத்திலேயே ஏற்றிவிட்டார். இரண்டாம் பக்கத்தில் ‘எக்லிப்ஸ்’ முடிந்து, இதயத் துடிப்பு தேய்ந்து அடங்கியதும், வேறொரு குழுவின் துள்ளல் பாட்டு ஒன்று படாரென்று தொடங்கும். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் ஆல்பம் எந்த இதயத் துடிப்பில் தொடங்கியதோ அதிலேயே முடிகிறது என்பதைப் பல ஆண்டுகள் நான் உணரவே இல்லை. அந்தத் துடிப்பின் மேல், ஆபி ரோடு ஸ்டூடியோவின் வாயிற்காவலர், நிலவுக்கு இருண்ட பக்கம் என்று ஒன்றும் தனியாக இல்லை என்று சொல்வது என் காதில் விழுந்ததே குறுந்தகட்டுக்கு மாறிய பிறகுதான். இன்று அந்தக் கடைக்காரரின் வேலையை, ஆல்பம் முடிந்ததும் வேறு பாட்டைத் தானாக ஓட்டும் ஆட்டோபிளே செய்கிறது. போனஸ் பாட்டுகள் சேர்த்த டீலக்ஸ் பதிப்புகளும் செய்கின்றன. முதல் பதிப்பில் எத்தனை பாட்டு என்று பார்த்து, அங்கே நிறுத்துங்கள்.

தாண்டவே மாட்டேன் என்று சபதம் எடுப்பது

இது எதிர்ப்பக்கத் தவறு. எல்லா ஆல்பத்தையும் முழுதாகக் கேட்டே தீருவேன் என்று 1967-இலிருந்து வரிசையாக இறங்குகிறவர், 1969-இன் ‘உம்மகும்மா’வில் மூச்சுத் திணறிப்போவார். அதன் இரண்டாம் தட்டில் நால்வரும் ஆளுக்கொரு பகுதியைத் தனித்தனியாகச் செய்திருக்கிறார்கள். ஒட்டு என்பதே கிடையாது. குழுவினரே பின்னாளில் அதைப் பெருமையாகப் பேசியதில்லை. தாராளமாகத் தாண்டலாம். முதல் தட்டில் உள்ள மேடை நிகழ்ச்சி மட்டும் போதும்.

‘மெடில்’ ஆல்பத்தில் நாய் ஊளையிடும் ‘சீமஸ்’ என்ற இரண்டு நிமிடப் பாட்டையும் பல இரவுகளில் தாண்டியிருக்கிறேன். ஒன்றும் அறுந்துபோகவில்லை. அதே ஆல்பத்தின் முதல் இரண்டு பாட்டுகளுக்கு நடுவே வீசும் காற்றை மட்டும் ஒருநாளும் வெட்டியதில்லை.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு என் வரிசை: முதலில் ‘விஷ் யூ வேர் ஹியர்’, இரவில், முக்கால் மணி நேரம் ஒதுக்கி. ஒரு வாரம் விட்டு ‘டார்க் சைட்’. அது பழகிய பிறகு ‘மெடில்’, ‘அனிமல்ஸ்’. ‘தி வால்’ கடைசியில்தான், 26 துண்டுகள், 81 நிமிடம். அதைக் கேட்கும்போது நடுவில் எழுந்துபோய் ஒரு காப்பி போட்டுக்கொள்ளலாம், ஆனால் முதல் தட்டு முடிகிற ‘குட்பை க்ரூயல் வேர்ல்ட்’ கேட்ட பிறகு. திரும்பி வந்து கடைசிவரை கேளுங்கள். மெலிதாக ஒரு பாட்டு ஓடி, ஒருவர் ஏதோ கேட்க ஆரம்பித்துப் பாதி வாக்கியத்தில் நின்றுவிடுவார். ஆட்டோபிளேயை அணைத்துவிட்டு, முதல் பாட்டை மறுபடி போட்டு, முதல் நொடியைக் காதோடு ஒட்டிக் கேளுங்கள். மிச்சப் பாதி அங்கே இருக்கிறது.