வெள்ளத்துக்குப் பின் மருத்துவ முகாம்: நல்ல மனசோடு செய்யும் தவறுகள்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டு ஸ்ரீவைகுண்டம், ஏரல் வட்டாரக் கிராமங்களைச் சூழ்ந்துகொண்டது. இப்படி ஒரு வெள்ளம் வந்தால் பாதை திறந்த கையோடு மருந்துப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கிளம்ப நம் ஊர்களில் ஆள் பஞ்சமே கிடையாது. அந்த உழைப்பு வீணாகக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பெரிய தவறு நாள் கணக்கில் நடக்கிறது. தண்ணீர் வடிந்ததும் முகாம் போட்டு, நாலைந்து நாளில் எல்லோரும் ஊர் திரும்பிவிடுகிறார்கள். அந்த நாட்களில் வருவது பெரும்பாலும் சிராய்ப்பு, சேற்றுப்புண், சளி, உடம்புவலி. எலிக்காய்ச்சல் கிருமி உடம்புக்குள் புகுந்த பிறகு காய்ச்சலாக வெளிப்பட ஒன்றிரண்டு வாரம் ஆகும். டெங்கு கொசு முட்டையிலிருந்து கிளம்பிப் பறக்கவே ஒரு வாரம், பத்து நாள் வேண்டும். அது கடித்த பிறகும் காய்ச்சலுக்குச் சில நாள் பிடிக்கும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரளாவில் எலிக்காய்ச்சல் ஏறியது தண்ணீர் இறங்கி, சனங்கள் வீட்டைக் கழுவத் தொடங்கிய பிறகுதான். ஆகவே ஆட்களிலும் மருந்திலும் பாதியை இரண்டாவது பயணத்துக்கென்று எடுத்து வையுங்கள். ஒரே ஒரு தடவைதான் போக முடியும் என்றால், பத்தாம் நாள் வாக்கில் போவதே மேல் என்பது என் எண்ணம்.

எலிக்காய்ச்சலைத் தடுக்க டாக்ஸிசைக்ளின் கொடுப்பார்கள்: சேற்றில் இறங்கி வேலை செய்யும் பெரியவர்களுக்கு வாரம் ஒரு முறை 200 மில்லிகிராம். வரிசையில் நிற்கும் எல்லோர் கையிலும் அதைத் திணிக்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் அது ஆகாது. யாருக்குக் கொடுப்பது என்பதை அந்தப் பகுதி சுகாதாரத் துறையோடு பேசி முடிவு செய்யுங்கள். மாத்திரை போட்டவருக்கும் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள்.

அடுத்தது, முகாமுக்கு நடந்து வருகிறவர்களை மட்டும் பார்ப்பது. ஆபத்தில் இருப்பவர்களால் நடந்து வர முடியாது. சர்க்கரை, பிரஷர், வலிப்பு மாத்திரைகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருக்கும். வலிப்பு மாத்திரை திடீரென்று நின்றால் சில நாட்களிலேயே வலிப்பு திரும்பலாம். காசநோய் மருந்தும் இடையில் நிற்கக் கூடாது. டயாலிசிஸ் நோயாளி ஒரு வாரம் தாங்குவதே கஷ்டம். இவர்களை எங்கே தேடுவது? தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு வீடாக மாத்திரை கொடுக்கும் பெண்களுக்கு எந்தத் தெருவில் யாருக்கு என்ன நோய் என்று தெரியும். கிராம சுகாதார செவிலியரிடம் கர்ப்பிணிகளின் பெயரும் பிரசவத் தேதியும் இருக்கும். ஊருக்குள் போனதும் முதலில் போய்ப் பார்க்க வேண்டியவர் அந்த நர்ஸம்மாதான். ஊர்ப் பெரியவர் வீட்டுத் திண்ணையில் முகாமைப் போட்டால் வரத் தயங்கும் தெருக்கள் எவை என்பதையும் அந்த நர்ஸம்மாவே சொல்வார்.

இன்சுலின் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிதானியுங்கள். நம் ஊரில் அதிகம் புழங்கும் குப்பி ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. நன்கொடையாக 100 யூனிட் மருந்தும் வந்து சேரும்; அதன் சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் வழக்கமான கோடு வரை இழுத்துவிட்டால் உடம்புக்குள் போவது இரண்டரை மடங்கு. ஒழுங்காகச் சாப்பாடு கிடைக்காத நேரத்தில் அது உயிருக்கே உலை வைக்கும். குப்பியையும் சிரிஞ்சையும் சேர்த்தே கொடுங்கள், போட்டுக்கொள்கிறவரை ஒரு முறை இழுத்துக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

வீட்டில் மிச்சமான மாத்திரைகளைத் திரட்டி அனுப்புவதும் வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சே பகுதியில் சுமார் 4,000 டன் மருந்து வந்து குவிந்தது; பெரும்பகுதி அங்கே தேவைப்படாதவை, அழிப்பதே தனிச் செலவானது. நன்கொடை மருந்து போய்ச் சேரும்போது காலாவதிக்கு இன்னும் ஓராண்டாவது இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

வயிற்றுப்போக்குக்கு உப்பு-சர்க்கரைக் கரைசல்தான் உயிர்காக்கும் மருந்து. ஆனால் பாக்கெட்டை மட்டும் நீட்டிவிட்டு நகர்ந்தால் பிரச்சினை. ஒரு லிட்டருக்கான பொடியைத் தாய் ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுத்தால் உப்பு கூடிப் பிள்ளைக்கு இன்னும் மோசமாகும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலையே கையில் எடுத்துக் கரைத்துக் காட்டுங்கள். கூடவே 14 நாளுக்குத் துத்தநாக மாத்திரை. பேதியை நிறுத்தும் மாத்திரையைக் குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது. குளோரின் மாத்திரைக்கும் செய்துகாட்டல் தேவை: கலங்கிய தண்ணீரைத் தெளியவைத்து, துணியில் வடிகட்டி, மாத்திரை போட்டு அரை மணி நேரம் விட வேண்டும்.

“ஒரு ஊசி போட்டு விடுங்க டாக்டர்” என்ற கெஞ்சலுக்கு இளகிப் பலர் டைக்ளோஃபினாக் என்ற வலி ஊசியைப் போட்டுவிடுகிறார்கள். காய்ச்சல் டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவுக்கு அது வழிவகுக்கும். பாராசிட்டமால் போதும்.

பாம்புக்கடி வரும் என்று எதிர்பார்த்தே போங்கள். கட்டுப்போட்டு இறுக்காமல், கீறாமல், கடிபட்ட கை காலை அசையவிடாமல் கொண்டுபோக வேண்டும். விஷமுறிவு மருந்து கையிருப்புள்ள மருத்துவமனை எது, 108 வண்டி வந்து சேர எந்தச் சாலை திறந்திருக்கிறது என்பதை முகாம் தொடங்குமுன்பே விசாரித்து வையுங்கள்.

கிளம்பும்போது ஊசிகளைக் குப்பையில் விட்டுவிடாதீர்கள். சேற்றை அள்ள வருகிறவர்களின் காலில் அது ஏறும். பார்த்த நோயாளிகளின் பட்டியலை அங்கேயுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்துவிடுங்கள். காய்ச்சல் வந்தவரின் தெருவும் தேதியும் அதில் இருந்தால், எந்தத் தெருவில் கொசுப்புழு தேட வேண்டும் என்று மறுநாள் காலையிலேயே அவர்கள் ஆள் அனுப்ப முடியும்.