ரேடியேஷனுக்குப் பிறகு: வறண்ட வாய், இறங்காத சாப்பாடு

தொண்டைப் புற்றுநோய்க்கு 35 தடவை ரேடியேஷன் எடுத்து முடித்து வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, அப்பா வழக்கம்போல சொம்பைத் தூக்கி அண்ணாந்து தண்ணீர் குடித்தார். இரண்டாவது மடக்கிலேயே புரையேறி, கண் சிவந்து, இருமி ஓய்வதற்கு ஐந்து நிமிடம் ஆனது. இட்லி சிக்கும் என்று எதிர்பார்த்திருந்தோம், தண்ணீரை யாரும் நினைக்கவில்லை.

கதிர்வீச்சில் தொண்டைத் தசைகள் விறைத்து மெதுவாகிவிடும். தண்ணீரோ வேகமாக ஓடும், மூச்சுக்குழாய் மூடுவதற்குள் உள்ளே புகுந்துவிடும். அண்ணாந்தால் இன்னும் மோசம். அதனால் முதல் வேலையாக அண்ணாந்து குடிப்பதை நிறுத்துங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, டம்ளரை வாய்வைத்து, ஒவ்வொரு ஸ்பூன் அளவாகக் குடிக்க வேண்டும். எச்சில் படும் என்று கவலைப்பட்டால் தனி டம்ளர் வைத்துவிடுங்கள், சரியாகிவிடும். தாடையைத் தாழ்த்தி விழுங்கச் சிலருக்குச் சொல்வார்கள், ஆனால் அது எல்லாருக்கும் ஒத்துவராது, ஸ்பீச் தெரபிஸ்ட் பார்த்துச் சொல்லட்டும். பேச்சுக்குத்தானே அவர் என்று ஒரு மாதம் போகாமலே இருந்தோம். விழுங்கும் பயிற்சி தருவதும் அவர்தான்.

இருமலே வராமல் நுரையீரலுக்குள் போவதும் உண்டு. சாப்பிட்டதும் குரல் ஈரமாகக் கரகரப்பது, அடிக்கடி காய்ச்சல், மூச்சு வாங்குவது, இதில் எது வந்தாலும் உடனே டாக்டரிடம் போங்கள்.

சாப்பாட்டில் நாங்கள் செய்த பெரிய தப்பு ரசம் சாதம். உடம்பு சரியில்லாதவருக்கு வேறென்ன கொடுப்போம்? ஆனால் ரசம் முதலில் ஓடிவிடும், பருக்கை பின்தங்கி நிற்கும், பாதிக்கப்பட்ட தொண்டைக்கு இரண்டையும் ஒருசேரச் சமாளிக்க முடியாது, மிளகு வேறு எரியும். எல்லாம் ஒரே பதமாக இருக்க வேண்டும்: மிக்ஸியில் அடித்த தயிர்சாதம், நெய் விட்டுக் கடைந்த பருப்பு, கெட்டியான ராகிக் கூழ். இட்லி என்றால் தாளிக்காத சாம்பாரில் நன்றாக ஊறி மசிந்திருக்க வேண்டும்.

வறட்சிக்கு வருவோம். காதுக்கு முன்னாலும் தாடைக்கு அடியிலும் இருக்கும் எச்சில் சுரப்பிகள் கதிர் பட்டு அடங்கிவிடுவதால், ஊறும் கொஞ்சமும் நூல் நூலாகப் பசைபோல் வரும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா கலந்து, சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் கொப்பளித்துத் துப்புங்கள். புளிப்பு மிட்டாய் வேண்டாம், சர்க்கரை இல்லாத சூயிங்கம் போதும். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் கூடவே கூடாது. எச்சிலைச் சுரக்கவைக்கும் பைலோகார்பின் மாத்திரை சிலருக்குக் கைகொடுக்கும், ஆஸ்துமாவோ கண் அழுத்தமோ இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எச்சில் இல்லாத வாயில் பல் சீக்கிரம் சொத்தையாகும். சொத்தையைத் தடுக்கும் ஃப்ளூரைடு பற்றிப் பல் டாக்டரிடம் கேளுங்கள். பல் பிடுங்க வேண்டி வந்தால், எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் ரேடியேஷன் எடுத்ததைச் சொல்லாமல் நாற்காலியில் உட்காராதீர்கள், கதிர் பட்ட தாடை எலும்பு லேசில் ஆறாது.

சாப்பாடு செலுத்த மூக்கில் டியூப் இருந்தாலும், டாக்டர் தடுக்காத வரை, விழுங்கும் பயிற்சியை விட்டுவிடாதீர்கள், சும்மா விட்ட தசை இன்னும் இறுகும். வாயை எவ்வளவு திறக்க முடிகிறது என்று விரலை வைத்து அவ்வப்போது பாருங்கள், மூன்று விரல் நுழையாவிட்டால் அதற்கும் பயிற்சி உண்டு.

அப்பாவுக்கு இப்போது ஒரு கிண்ணம் கூழுக்கே முக்கால் மணி நேரம் ஆகிறது. அதுவரை டிவி கிடையாது, யாரும் அவரிடம் பேச்சும் கொடுப்பதில்லை, பதில் சொல்ல வாயைத் திறந்தால் புரையேறிவிடும்.